லோகநாதன் வாயால் போட்ட பந்தல்

எந்த வீட்டுக்குப் போனாலும் லோகநாதன் முதலில் நிலைவாசலைத்தான் அளப்பார். டேப் எல்லாம் வேண்டாம், கண்ணே போதும். அகலம் எத்தனை சாண், வெளியே வந்தால் சந்து எந்தப் பக்கம் திரும்புகிறது, கேபிள் ஒயர் எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் எதிரே நீட்டிய தண்ணீர்ச் சொம்பு அவருக்குத் தெரியும். அதற்குள் வீட்டுக்காரர் முகம் வெளுத்திருக்கும். போன மாதம் விம்கோ நகரில் ஒரு வீட்டுக்கு மிக்ஸி திருப்பிக் கொடுக்கப் போனார். அவர் வாசலைப் பார்த்த பார்வையில் உள்ளே போர்த்திப் படுத்திருந்த பெரியவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “இன்னா நைனா, அப்டிப் பாக்குற? எனக்கு வெறும் சளிதாம்பா” என்றார்.

லோகநாதனுக்குப் பூப்பல்லக்கு கட்டுகிற தொழில். சாவுக்குக் கட்டுகிற பல்லக்கு. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை எந்த வீட்டில் பறைச் சத்தம் கேட்டாலும் அங்கே தெருமுனையில் அவர் குந்தியிருப்பார். மூங்கில் பத்தையைச் சீவி நாலு கால் நிறுத்துவார். மேலே குடை, குடைக்கு மேல் ஒரு கூம்பு, முன்னால் அரைவட்ட வளைவு, இரண்டு பக்கமும் முழங்கால் வரை தொங்கும் சரங்கள். ரோஜாவும் சாமந்தியும் கோழிக்கொண்டையும் அவர் கையில் போய் மூச்சு விடாமல் நெருங்கி உட்காரும். ‘செத்தாலும் லோகு பல்லாக்குல போவணும்’ என்று டீக்கடையில் சொல்கிறவர்கள் உண்டு. சொல்லிவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

சாவு வீட்டில் அவர் கேட்பது இரண்டே கேள்வி. “ஆளு இன்னா ஒசரம்? எந்தச் சுடுகாடு?” பெயர் கேட்பதில்லை, வயது கேட்பதில்லை, இறந்தவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. “மூஞ்சப் பாத்தா கை நடுங்கும். ஒசரம் தெரிஞ்சாப் போதும்” என்பார். அவர் போடுவதெல்லாம் உருவு முடிச்சு. ஒரே கயிறு எல்லா இணைப்பையும் சுற்றி வந்து கடைசியில் ஒரு நுனியாகத் தொங்கும். சுடுகாட்டு வாசலில் அதைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் மொத்தப் பல்லக்கும் பொலபொலவென்று கீழே வந்துவிடும். அழுது ஓய்ந்த சனத்தை அங்கே காக்க வைக்கக் கூடாது என்பது அவர் நியாயம். “கட்றதுல இன்னா கீது? அவுக்குறதுலதான் கீது தொழிலு.”

தொழில் அவருக்குச் சில பழக்கங்களை விட்டுவைத்திருக்கிறது. யாரையும் ‘உடம்பு எப்படி இருக்கிறது’ என்று விசாரிக்க மாட்டார். ஒரு காலத்தில் விசாரித்தவர்தான். கேட்டவர்கள் அன்றைக்கே டாக்டரிடம் ஓடினார்கள் என்று தெரிந்த பிறகு நிறுத்திக்கொண்டார். எங்கிருந்து கிளம்பினாலும் ‘வரேன்’ என்று சொல்லமாட்டார். சாவு வீட்டில் சொல்லக் கூடாத அந்த ஒரு வார்த்தை, நல்ல வீட்டிலும் அவர் வாயில் வராமலே போய்விட்டது. பேசிக்கொண்டே இருப்பார், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். கல்யாண வீடுகளில் பிரியாணி அண்டாவுக்குப் பின்னால்தான் நிற்பார். முன்வரிசை நாற்காலியில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை, அவரும் அதை எதிர்பார்த்ததில்லை.

வெளியே இவ்வளவு என்றால் வீட்டுக்குள் மனைவி சொக்கம்மாளின் சட்டம். கல்யாணமாகி வந்த முதல் பொங்கலுக்கு அவர் ஆசையாக வாசலில் சாமந்திச் சரம் கட்டினார். அந்த வாரமே அவள் அப்பா போய்ச் சேர்ந்தார். மனிதர் நெடுநாளாக நெஞ்சுவலிக்காரர், சரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தும் அன்றைக்குச் சொல்லிவிட்டாள். “உன் கை பட்ட பூ எதுவும் வாசப்படி தாண்டக் கூடாது. இந்த வூட்ட சோடிக்கிறதுக்கு நீ கை வைக்காத.” அன்று எடுத்த கைதான், அதன் பிறகு வீட்டில் ஒரு மாவிலையைக்கூட அவர் கட்டியதில்லை.

நிஜப் பூ வர முடியாத வீட்டில் காகிதப் பூ பூத்தது. மகள் மகிழினியும் மகன் பகலவனும் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து அம்மாவோடு உட்கார்ந்து செய்த அலங்காரம்தான் அந்த ஹவுசிங் போர்டு வீடு முழுக்க. உடைந்த வளையல்களில் உல்லன் நூல் சுற்றிச் செய்த ஜன்னல் தொங்கட்டான், பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய மயில், ஐஸ் குச்சியில் விளக்குக் கூண்டு, கண்ணாடியைச் சுற்றிப் பிஸ்தா ஓட்டில் செய்த தாமரை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் தரையில் பேப்பரைப் பரப்பிக்கொள்வார்கள். லோகநாதன் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார். விரல்கள் அங்கே தானாக எதையோ திருகிக்கொண்டிருக்கும்.

மகிழினிக்கும் புளியந்தோப்பு டில்லிபாபுவுக்கும் மனசு ஒத்துப்போனது மெட்ரோ ரயிலில். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள், அவன் கன்டெய்னர் யார்டில். பையனின் அம்மா ரமாபாய் ஒரே பார்வையில் சரி என்றுவிட்டாள். அவள் அண்ணன் தாமோதரன்தான் இழுத்தார். தங்கை புருஷன் இறந்த பிறகு அந்த வீட்டுக்கு அவர் வைத்ததே சட்டம். பெண்ணின் அப்பா தொழிலைக் கேட்டதும் காபியைக் கீழே வைத்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். “பொண்ணு தங்கமான பொண்ணு, ஒத்துக்கிறேன். ஆனா நிச்சயத்தன்னிக்கு உங்க தொழிலு வாசம் கொஞ்சம் அடிச்சாலும் நாங்க அப்டியே திரும்பிடுவோம். சொல்லிட்டேன்.”

மகிழினி அன்று சாப்பிடவில்லை. “யப்பா, அன்னிக்கு மட்டும் நீ சும்மா குந்தியிரு. எதையும் தொட்டுடாத” என்று கேட்டுக்கொண்டாள். லோகநாதன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தொட மாட்டேம்மா” என்றார்.

மேடை அலங்காரத்துக்கு வெளியே ஆள் வைக்க வேண்டாம், நாமே செய்துவிடலாம் என்று தீர்மானமாயிற்று. கிரேப் காகிதம் வந்தது, ரோஸ், மஞ்சள், வெள்ளை. உல்லன் நூல், ஜிகினா, பசை. இரண்டு நாற்காலிக்கு மேல் ஏதாவது அழகாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் யோசனை. அம்மாவும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்தார்கள். லோகநாதன் கட்டிலில், கை தொடைக்கு அடியில்.

“அடியில புடிச்சி ஒரு திருகு திருகு. எதழு தானா விரியும்” என்றார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு.

சொக்கம்மாள் முறைத்தாள்.

“நான் கைய வைக்கலியே. வாயாலதான சொல்றேன்.”

வாயால் சொல்வதற்குச் சட்டத்தில் தடை இல்லை. மகிழினி திருகிப் பார்த்தாள். காகிதம் நிஜ ரோஜாவாக மலர்ந்தது. அதற்கப்புறம் அவர் வாயை யார் மூடுவது? பெரிய பூ நடுவில், சின்னது ஓரத்தில் என்றார். பேசாமல் செய்தார்கள். இரண்டு அட்டைக் குழாய் நிற்கவில்லை, சாய்ந்தது. “நாலு காலு போடு, ஆடாது” என்றார். பகலவன் நாலு கால் போட்டான். மேலே வெறிச்சென்று இருக்கிறதே என்றாள் சொக்கம்மாள். “ஒரு கொட மாரி வளச்சி வுடு. அதும்மேல கூம்பா ஒண்ணு.” முன்பக்கம் அரைவட்டம், இரண்டு பக்கமும் முழங்கால் வரை சரம். பசை ஒட்டாத இடங்களைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டியிருந்தது. “முடிச்ச இறுக்காதடா. சுத்தி எடுத்தாந்து நுனிய வெளில வுடு” என்று மகனுக்குச் சொன்னார். அவன் அப்பா சொன்னபடியே விட்டான்.

கட்டி முடித்து நாலு பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்து தெருமுனையில் அப்பா வேலை செய்வதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அழகு என்றால் அவர்கள் கண்ணுக்கு இப்படித்தான் இருக்கும். சொக்கம்மாளுக்கும் அப்படியே. பகையெல்லாம் அவளுக்குச் சாமந்தியோடும் புருஷன் கையோடும்தான், வடிவத்தோடு அல்ல. “ஷோக்கா கீது” என்று அவளே சொன்னாள். அந்த வீட்டில் லோகநாதன் சொல்லி ஒரு பொருள் அழகானது அதுதான் முதல் தடவை.

பக்கத்து வீட்டு எல்சி, சொக்கம்மாள் இரவல் கேட்டிருந்த டம்ளர்களைக் கொடுக்க வந்தாள். உள்ளே காலெடுத்து வைத்தவள் அப்படியே நின்றாள். டம்ளர் டிரேயை வாசலிலேயே தரையில் வைத்தாள். பந்தலைப் பார்த்தாள், கீழே இரண்டு நாற்காலியைப் பார்த்தாள், நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். “நல்லா... கீதுக்கா” என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். “கண்ணு பட்டுடப் போவுதுன்னு சிலுவ போட்டுக்கினு போறா பாரு. நல்ல மனசு அவளுக்கு” என்றாள் சொக்கம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வால்பிடித்து நின்றதால் பையன் வீட்டார் வரிசைத் தட்டோடு மெட்ரோவிலேயே வந்து இறங்கினார்கள். லோகநாதன் காலையிலேயே இரண்டு தரம் குளித்து, புது வேட்டி கட்டி, சமையல் பண்ணும் பக்கம் ஒதுங்கி நின்றார். அங்கிருந்து பந்தலின் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும். மகிழினி பச்சைப் பட்டில் குடையின் கீழ் உட்கார்ந்திருந்தாள். தலையில் சொக்கம்மாளே வாங்கி வந்த மல்லிகை.

முதலில் நுழைந்தது தாமோதரன், கையில் பழத்தட்டு. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்கள் அவர் முதுகில் முட்டிக்கொண்டார்கள். அவர் கண் நாலு காலையும் குடையையும் கூம்பையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவர் அறியாமலே ஒரு கை தட்டை விட்டுத் தோளுக்குப் போய்த் துண்டை உருவி இடுப்பில் வைத்தது. ஆரஞ்சு ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் ஓடியது. அவருக்குப் பின்னால் ஒரு அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, யாரு, எப்போ என்று கண்ணாலேயே சொக்கம்மாளைக் கேட்டாள். இன்னொருத்தி செருப்பை விட்டுவிட்டுக் கூப்பியே விட்டாள் கையை.



ஏன் யாரும் உள்ளே வரவில்லை என்று பார்க்க லோகநாதன் வாசல் பக்கமாக வந்தார். வந்து திரும்பினார். திரும்பியவர், உள்ளே ஆள் உட்கார்ந்திருக்க அதை முன்பக்கத்திலிருந்து முதல் தடவையாகப் பார்த்தார்.

அது அவர் பல்லக்கு. ரோஜாவுக்குப் பதில் காகிதம், மூங்கிலுக்குப் பதில் அட்டைக் குழாய், மற்றபடி வளைவுக்கு வளைவு, சரத்துக்குச் சரம் அவருடையது. எத்தனை பேரை அதில் ஏற்றியிருக்கிறார், ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. இன்றைக்கு அதற்குள்ளே ஒரு முகம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மையிட்ட கண், என்ன நடக்கிறது என்று புரியாத கண், அவர் மகள்.

“எயுந்திரும்மா” என்றார். ஓடிப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். சொன்ன வாக்கு, சட்டம் எல்லாம் எங்கேயோ போயிற்று. பின்பக்கம் தொங்கிய கயிற்று நுனி அவர் கைக்குத் தானாக வந்தது. ஒரு இழு.

குடை, கூம்பு, வளைவு, சரம், எல்லாம் ஒரே மூச்சில் பொலபொலவென்று தரையில் விழுந்தன. நாற்காலிகள் இரண்டும் காகிதப் பூவுக்குள் பாதி முழுகிப் போயின. ஜிகினா பறந்து தாமோதரன் மீசையில் ஒட்டியது. அத்தைகள் இரண்டாவது தடவையாகத் திடுக்கிட்டார்கள். சொக்கம்மாள் அப்போதுதான் தலையில் கை வைத்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

“அன்னிக்கே சொன்னேன்” என்றார் தாமோதரன். “வாசம் அடிச்சாலே திரும்பிடுவோம்னேன். இவரு பொண்ண அதுல குந்த வச்சிகினு கீறாரு. டில்லி, தட்ட எடு. கெளம்பு.”

டில்லிபாபு மகிழினியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். லோகநாதன் கையில் கயிறு இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

கூட்டத்தின் கடைசியிலிருந்து ரமாபாய் வழி கேட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் கையில் தட்டு இல்லை. தாலி இல்லாதவள் தட்டு தூக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். மாடிப்படி முழுக்க எல்லோருக்கும் பின்னால்தான் ஏறி வந்திருந்தாள். குவியலைப் பார்த்தாள். குனிந்து ஒரு ரோஜாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இத்த யாரு சுத்துனது?”

“எல்லாருந்தான்” என்றாள் மகிழினி. “எங்கப்பா கைய வைக்கல. வாயால மட்டும் சொன்னாரு.”

“வா போலாம் ரமா” என்றார் தாமோதரன். “இவரு கட்டுனதப் பாத்தப்பறம் இன்னும் இன்னா பேச்சு.”

“இவரு கட்டுனத நான் முன்னயே பாத்துகிறேன்” என்றாள் ரமாபாய். “எங்க வூட்டுக்காரருக்கு இவருதான் கட்டுனாரு. அன்னிக்கு வெயில்ல திருவொத்தியூரு வரைக்கும் ஓடிப் போயி இவரக் கூட்டியாந்தது யாரு? நீதான்ணே. லோகுதான் வேணும், வேற ஆளு வேணான்னு நின்ன.”

தாமோதரன் இடுப்பிலிருந்த துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

லோகநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். முகம் அவருக்கு ஞாபகம் வராது. வேறு ஒன்று வந்தது. “புளியந்தோப்பு... ஆடுதொட்டியாண்ட சந்து” என்றார் மெதுவாக. “ஒசரமான மனுசன். காலாண்ட ஒரு சாண் கூட்டிக் கட்டுனேன். இல்லன்னா கால மடக்கணும்னாங்க. மனசு கேக்கல.”

ரமாபாயின் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே தரையில் சம்மணம் போட்டுக் குந்தினாள், பட்டுப்புடவையோடு. ஒரு நீள நூலை உருவி, காகித ரோஜாக்களை ஒவ்வொன்றாகக் கோக்க ஆரம்பித்தாள். “வாசல்ல ஒண்ணியும் காணோம், மொட்டயா கீது. விசேச வூடு மாரியா கீது? டில்லி, அந்த மஞ்சளாப் பொறுக்கிக் குடு.” டில்லிபாபு தட்டை வைத்துவிட்டு மண்டியிட்டான். மகிழினி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயைப் பொத்திய அத்தை, இடைவெளி விடாம கோத்தா நல்லாருக்கும் என்று சொல்லிக்கொண்டே தானும் குந்திவிட்டாள். தாமோதரன் வாசலிலேயே நின்றார். கடைசியில் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஆரஞ்சைத் தேடினார்.

சரம் நீண்டு வளர்ந்தது. ரமாபாய் ஒரு நுனியைப் பிடித்து எழுந்து நேராக லோகநாதனிடம் போனாள்.

“கட்டுங்க சம்மந்தி.”

அவர் நுனியை வாங்கவில்லை. திரும்பிச் சொக்கம்மாளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்பா செத்த அந்தப் பொங்கலிலிருந்து கட்டிக் காத்த சட்டம் அவளுடையது. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள், மர ஸ்டூலைத் தூக்கி வந்தாள், வாசற்படியில் வைத்தாள். அதற்கு ஒரு கால் குட்டை, ஆடும். குனிந்து அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஏறு” என்றாள்.

லோகநாதன் ஏறினார். நிலையின் ஆணியில் சரத்தின் நூலைச் சுற்றினார். விரல்கள் பழக்கத்தில் உருவு முடிச்சுப் போட்டு, நுனியை வெளியே விட்டன. இறங்கப் போனவர் நின்றார். முடிச்சைப் பார்த்தார். அதை அவிழ்த்து இறுக்கிக் கட்டி, அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று போட்டார். கீழே கையை நீட்டி மகளிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கினார். தொங்கிக்கொண்டிருந்த நுனியை ஒட்ட நறுக்கிவிட்டார்.